பூசையில் வைத்த கயிறு

மரமேறும் கயிற்றைச் சுருட்டக்கூடாது. பைக்குள் திணிக்க வேண்டும். ஒரு நுனியைப் பையின் அடியில் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கைப்பிடி கைப்பிடியாக, ஒழுங்கில்லாமல், அள்ளி அமுக்க வேண்டும். பார்த்தால் சோம்பேறி செய்த வேலை மாதிரி இருக்கும். ஆனால் மரத்தில் நின்று இழுக்கும்போது சிக்கில்லாமல் ஒழுகி வரும். வட்டம் வட்டமாக அழகாகச் சுருட்டி வைத்த கயிறுதான் அவசரத்தில் முறுகிக்கொண்டு நிற்கும்.

இதை எனக்குப் பழக்கியது மொன்றியலில் ஒரு மரம் வெட்டும் கம்பனி. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வேலையிடங்களில்தான். சில நாடுகளில் சிறைக்கு உள்ளே இருந்திருக்கிறேன், சில நாடுகளில் வெளியே படுத்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜூலை பிறந்தால் மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். நானும் மாறுவேன். பார்க் எக்ஸ், வில்லரே, அஹுன்ட்சிக், திரும்ப வில்லரே. பாத்திரம் கழுவினேன், கூரை போட்டேன், பிறகு மரத்தில் ஏறினேன். மரத்தில் மட்டும்தான் கொஞ்சம் நிலைத்தேன்.

பாத்திரம் கழுவிய காலத்தில் பழக்கமானவர் அண்ணை. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் சமையல்காரர். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. காலையில் மெற்றோவால் இறங்கி நேரே உள்ளே போவார். மழை பெய்ததா பனி கொட்டியதா என்பது வெளியே சிகரெட் பிடிக்கப் போய் வந்தவர்களின் சப்பாத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். அப்படியே இருபது வருடத்துக்குக் கிட்டப் போய்விட்டது.

வேட்டை எங்களுக்கு வந்தது தற்செயலாக. சென்-ஜெரோமுக்கு வடக்கே ஒரு கிழவியின் காணியில் சாய்ந்து நின்ற மரங்களை வெட்டப் போயிருந்தேன். மான்கள் தன் அப்பிள் கன்றுகளைக் கடித்து நாசமாக்குவதாகவும், வேட்டைப் பத்திரம் எடுத்துக்கொண்டு வந்தால் தன் காணியில் தாராளமாக வேட்டையாடலாம் என்றும் அவள் சொன்னாள். வந்து அண்ணையிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுக்கவில்லை. இரண்டு பேரும் வேட்டை வகுப்புக்குப் போனோம், விசையை அழுத்தி அம்பு விடும் குறுக்குவில் வாங்கினோம், இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைகளில் வடக்கே போகத் தொடங்கினோம். அண்ணைக்கு மான் கிடைத்த வருடங்களைவிடக் கிடைக்காத வருடங்களே கூட. அதைப்பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பிற்பகல் முழுக்க மரத்தின் மேலே இருந்து வெளிச்சம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கும்போது முகம் கழுவியது போல இருக்கும்.

பிறகு அவர் விழுந்தார். கிழவியின் புருஷன் உயிரோடிருந்த காலத்தில் மரத்தில் அடித்து வைத்த பழைய பலகைப் படி ஒன்று, உள்ளே உக்கியிருந்தது. அண்ணையின் குதிக்கால் எலும்பு நொறுங்கியது. அந்தப் பனிமாரி முழுக்க வீட்டில். இரண்டாம் மாடியில், பின்பக்க யன்னலுக்கு நேரே கதிரையைப் போட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். கோபமோ அழுகையோ இல்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. நான் போனால் "வா" என்பார், எழும்பினால் "சரி" என்பார். அக்கா, அதாவது அவருடைய மனைவி, வாசல்வரை வந்து மெல்லச் சொல்வார்: "மனிசன் கதைக்குதில்லைத் தம்பி. கால் மாறிவிடும். இது மாறுமோ தெரியாது."

வசந்தத்தில் வேலைக்குத் திரும்பினார். அடுத்த இலையுதிர் காலம் கிட்ட வந்தபோது அவர் வேட்டை என்ற சொல்லையே எடுக்கவில்லை. எடுத்தது அக்கா.

"தம்பி, உமக்குக் கயிறிலை தொங்கிறதுதானே வேலை. கயிறு கட்டினா ஆக்கள் விழமாட்டினமோ?"

"சரியாக் கட்டினா விழேலாது அக்கா."

"அப்ப இவருக்குப் பழக்கும். காலை நிலத்திலையிருந்து எடுத்த நேரம் தொட்டு, திரும்ப நிலத்திலை வைக்குமட்டும், இடுப்பிலை கயிறு இருக்கவேணும். ஒருநாள் கட்டாமல் ஏறினவர் எண்டு அறிஞ்சன் எண்டா, அண்டையோட இந்த வேட்டைக் கதை முடிஞ்சுது."

அண்ணை மேசையின் மறுபக்கத்தில் இருந்தார். "என்னைப் பற்றித்தான் கதைக்கிறியள் எண்டா, நானும் இஞ்சைதான் இருக்கிறன்" என்றார்.

"இருங்கோ. உயிரோட இருக்கத்தான் சொல்லுறன்."

அந்தக் கோடை முழுக்கக் கிழவியின் காணியில் பழகினோம். முறை எளிது. இடுப்பையும் தொடையையும் தாங்குகிற பட்டி ஒன்று. மரத்தைச் சுற்றி ஒரு தடித்த கயிறு, அதன் வால் கீழே தொங்கும். அந்த வாலில் மெல்லிய கயிற்று வளையத்தைச் சில சுற்றுச் சுற்றினால் ஒரு பிடிமுடிச்சு. இடுப்புப் பட்டி அதில்தான் கொழுவியிருக்கும். கையால் தள்ளினால் முடிச்சு மேலும் கீழும் போகும். ஆளின் பாரம் இறங்கினால் கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மரத்தில் ஏறப் படித்துண்டுகள், மேலே கால் வைக்க ஒரு சிறு தட்டு. பட்டியில் சாய்ந்து, தட்டில் காலூன்றி, எவ்வளவு நேரமும் இருக்கலாம். தடித்த கயிற்றின் கடைசியில் குண்டாக ஒரு முடிச்சுப் போட்டு வைப்போம்.

"உது என்னத்துக்கு?" என்று அண்ணை கேட்டார்.

"மற்றதெல்லாம் பிழைச்சுப் போனா உது நிப்பாட்டும்."

"ஏன், பிழைக்காத மாதிரிக் கட்ட உனக்குத் தெரியாதோ?"

பேச்சுத் திரும்பியிருந்தது. எனக்கு அது போதும்.

அவருக்கென்று புதுக்கயிறு வாங்கினோம். பட்டியின் இரும்புக் கொழுவிகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடாமல் இருக்க, அக்கா பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தார். கயிற்றைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். மானின் மூக்கு பொல்லாதது. "மணந்து பார்த்திட்டு, இஞ்சை ஆரோ நண்டுக்கறி வைக்கினம் எண்டு வீட்டுக்குப் போயிடும்" என்று அண்ணை சொல்வார். கயிற்றுப் பை பின்பக்கப் பல்கனியில் தொங்கியது.

அந்த வருடம் எங்களுடைய காட்டில் குறுக்குவில்லுக்கு அனுமதி தொடங்கியது நவராத்திரி முடிந்த கையோடு. நல்ல குளிர். பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். இடையில் ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பைன் மரத்தில் நான், அந்தப் பக்கம் மேப்பிளில் அண்ணை. கூப்பிட்டால் கேட்கும், ஆனால் கிளைகள் மறைத்து ஆளைத் தெரியாது. அவர் கயிறு கட்டி, ஏறி, மேலே பாரம் இறக்கிப் பார்த்து, கையைக் காட்டிய பிறகுதான் நான் என் மரத்துக்குப் போனேன். இரண்டு பேரும் கையுறை போட்டிருந்தோம்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணையின் செய்தி.

"தம்பி, ஒருக்கா வாறியோ. அவசரமில்லை."

மான் விழுந்திருக்கும், இழுக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் வில்லின் சத்தம் கேட்கவில்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அடுத்தது வந்தது.

"கொஞ்சம் அவசரம்."

இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். நான் போன சத்தத்துக்கு, மேப்பிளின் அடியிலிருந்து கொம்போடு ஒரு மான் பாய்ந்து பற்றைக்குள் மறைந்தது.

"கெடுத்துப் போட்டாய்" என்று மேலிருந்து குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கால்தட்டுக்குக் கீழே, ஒரு ஆள் உயரம் இறங்கி, பக்கவாட்டில் சரிந்தபடி அண்ணை தொங்கிக்கொண்டிருந்தார். வில் மேலே கிளையில் இருந்தது. பிடிமுடிச்சு கயிற்றின் கடைசிவரை வழுக்கி வந்து, அந்தக் குண்டு முடிச்சில் முட்டி நின்றிருந்தது. ஏறி வந்த படித்துண்டுகள் மரத்தின் மறுபக்கத்தில். எட்டவில்லை. நொறுங்கிப் பொருந்திய குதிக்காலால் மரத்தை உதைத்துத் திரும்பவும் அவரால் முடியவில்லை. அவருக்கும் நிலத்துக்கும் இடையில் இருந்தது அந்த ஒரு முடிச்சுதான்.

"எவ்வளவு நேரமாத் தொங்கிறியள்?"

"மான் வரமுதலே. அது நல்லாப் பக்கத்திலை வந்து மேய்ஞ்சது. சத்தம் போடாமல் இருந்து பார்த்தனான்." பிறகு கொஞ்சம் குறைந்த குரலில், "தம்பி, கால் இருக்கிறமாதிரித் தெரியேல்லை."

அதுதான் ஆபத்து. பட்டியில் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கும். ஆள் மயங்கலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

"மரத்தைத் தள்ளுங்கோ. முழங்காலாலை எண்டாலும் தள்ளுங்கோ. நிப்பாட்டாதேங்கோ."

என் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு மறுபக்கத்தால் ஏறினேன். அவரைத் தாண்டி மேலே போய், பைக்குள் இருந்த நீளக் கயிற்றை இழுத்தேன். சிக்கில்லாமல் வந்தது. அதை மரத்தண்டில் கட்டி, பாரத்தை மெல்ல இறக்கும் இரும்பில் கோத்து, குனிந்து அவருடைய பட்டியில் கொழுவினேன். கிட்டத்தில் பார்த்தபோது முகம் சாம்பலாக இருந்தது. உதடு மட்டும் ஓயவில்லை.

"முடிச்சைக் கீழை தள்ளிப்போட்டு, தட்டிலை நிண்டு எட்டி வில்லை எடுக்கப் பார்த்தன். பின்னுக்குச் சாய்ஞ்சன். போச்சு. சத்தமே இல்லை, தெரியுமோ. வெண்ணெய்க்குள்ளை கத்தி போன மாதிரி."

"கதையுங்கோ, ஆனாத் தள்ளிக்கொண்டு கதையுங்கோ."

"தள்ளிறன் தள்ளிறன். இந்த மரத்தோட எனக்கென்ன கோவம்."

அவருடைய பாரம் என் கயிற்றுக்கு வந்த பிறகு பழைய பிடிமுடிச்சைக் கழற்றினேன். அந்த ஒரு கணம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல மெல்ல இறக்கினேன். கால் சருகில் பட்டதும் நிற்கப் பார்த்தார், முடியவில்லை, அப்படியே இருந்துவிட்டார். கீழே வந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டேன். உணர்வு திரும்பும்போது ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தைகள் சொன்னார், தமிழிலும், சமையலறையில் பழகிய பிரெஞ்சிலும். அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் அவருடைய கயிற்றை எடுக்கத் திரும்ப ஏறினேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். பாதிக்குக் கீழே கயிறு வழுவழுவென்றிருந்தது. முகர்ந்தேன். நல்லெண்ணெய். இழைகளுக்கு நடுவில் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து போயிருந்தது. ஓரிடத்தில் குங்குமம்.

இறங்கி வந்து அவர் முன்னால் நீட்டினேன். அவரும் முகர்ந்தார்.

"சரஸ்வதி பூசைக்கு வைச்சவ" என்றார்.

ஒவ்வொரு வருடமும் நவராத்திரியின் கடைசி நாளில் பிள்ளைகளின் புத்தகங்களும் அண்ணையின் சமையல் கத்திகளும் சுவாமி அறைக்குப் போகும். இந்த முறை கயிறும் போயிருக்கிறது. புருஷனின் உயிரைப் பிடிக்கப் போகிற சாமான், அதற்கல்லவா முதலில் பூ வைக்க வேண்டும் என்று அக்கா சொன்னாராம். பையிலிருந்து எடுத்து, அழகாகச் சுருட்டி, சந்தனப் பொட்டு வைத்து, குத்துவிளக்கின் அடியில் வைத்திருக்கிறார். விளக்கு வழிந்திருக்கிறது.

"துடைச்சுத்தான் தந்தவ" என்றார் அண்ணை. கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தார். "தம்பி, அவவுக்கு இது தெரியக்கூடாது."

"அண்ணை…"

"போனமுறை நான் விழுந்த அண்டு அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. ஓடித் திரிஞ்சு எல்லாம் பார்த்தவ. இதை அவவாலை தாங்கேலாது. தன்ரை கையாலை எண்டு நினைப்பா. சாகுமட்டும் நினைப்பா."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நம்பிக்கை போன கயிற்றை வைத்திருக்கக்கூடாது. யாராவது தெரியாமல் எடுத்துவிடலாம். அந்த இடத்திலேயே கத்தியை எடுத்து முழங்கை நீளத் துண்டுகளாக வெட்டினேன். கயிறு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தோம். காட்டில் மறந்துபோய் வந்துவிட்டதாகச் சொல்லலாம் என்று முடிவானது.

ஆனால் அக்கா கயிற்றைக் கேட்கவில்லை. வில்லரேயில் அவர்களுடைய வீட்டின் வெளிப்படிக்கட்டில் அண்ணை ஏறிய விதத்தையே கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஜாக்கெட்டைக் கழற்றும்போது சட்டை கொஞ்சம் உயர்ந்தது. இடுப்பைச் சுற்றிப் பட்டி வெட்டிய இடம் கருநீலமாகக் கன்றியிருந்தது.

"என்னது உது?"

"சறுக்கினது."

"மரத்திலையிருந்தோ?"

அண்ணை சட்டையைக் கீழே இழுத்துவிட்டார்.

"கயிறு கட்டினனீங்களோ?"

இதற்கு நாங்கள் பதில் யோசித்து வைக்கவில்லை. கட்டினேன் என்றால், கட்டிய கயிறு ஏன் வழுக்கியது என்று கேள்வி வரும். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றார்.

"கட்டேல்லை?"

"அவசரத்திலை… கட்டேல்லை."

அக்கா கத்தவில்லை. "சரி. முடிஞ்சுது" என்றார். சமையலறைக்குள் போய், எனக்குத் தட்டை எடுத்துச் சோறு போட்டு, கறியை ஊற்றி, கொண்டுவந்து வைத்தார். அண்ணை அந்தப் பின்பக்க யன்னலடிக் கதிரையில் போய் இருந்தார்.

நான் சோற்றைப் பிசைந்தேன். அந்த மாரியில் அவர் அந்தக் கதிரையில் இருந்த விதம் எனக்குத் தெரியும். மனைவியைக் காப்பாற்ற அவர் கொடுத்தது என்ன என்பதும் தெரியும். இரண்டு பேரும் என் ஆட்கள். யாருக்காகப் பேசினாலும் மற்றவருக்கு நோகும். ஆனால் பொய் அப்படியே நின்றால் அக்கா இனி வாழ்நாள் முழுக்கத் தன் புருஷன் சொல் தவறியவன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர் தவறவில்லை.

"அக்கா, அண்ணை கட்டினவர். நான் கண்ணாலை பார்த்தனான்."

"டேய்" என்றார் அண்ணை.

"கட்டினா ஏன் விழுந்தவர்?"

"பிடிமுடிச்சு வழுக்கினது. கயிறிலை எண்ணெய் இருந்தது."

அகப்பை கையில் இருக்க அக்கா அப்படியே நின்றார். நான் வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"விளக்கு" என்றார். பிறகு அடுப்பை அணைத்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார். "நான் துடைச்சனான். நல்ல வெள்ளைத் துணியாலை, ரெண்டுதரம் துடைச்சனான்."

அண்ணை நொண்டிக்கொண்டு எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். "இஞ்சேரும். நீர் துடைச்சபடியாத்தான் அவ்வளவாவது பிடிச்சது. இல்லாட்டி நேர கீழை."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அக்கா என்னைக் கேட்கவில்லை. அண்ணையின் சட்டையைத் தூக்கி அந்தக் கன்றலை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அழுதார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, படியிறங்கி என் வாடகை அறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சில நாட்கள் ஒரு பேச்சுமில்லை. அண்ணைக்குப் போன் எடுத்தால் "வேலை" என்றார். போன முறை மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, உம்மடை கயிறும் பட்டியும் கொண்டு வாரும். எனக்குக் காட்டவேணும்."

வீட்டின் பின்புறம், சந்துப் பக்கம் பார்த்த மாதிரி, இரும்புப் படிக்கட்டு ஒன்று வளைந்து இறங்கும். அதன் மேல்தட்டுச் சட்டத்தில் கயிற்றைக் கட்டினேன். அக்கா மாரிக்கால ஜாக்கெட்டுக்கு மேல் பட்டியைப் போட்டுக்கொண்டார். என்னைக் கட்டவிடவில்லை. ஒவ்வொரு வாரையும் தானே இழுத்து இறுக்கினார். பிடிமுடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார், அவிழ்க்கச் சொன்னார், பிறகு தான் போட்டார். கோணலாக இருந்தது. திரும்பப் போட்டார். காலை மடக்கிப் பாரத்தை விட்டார். முடிச்சுக் கவ்வியது.

"இப்ப எண்ணெய் பூசும்."

"அக்கா, வேண்டாம்."

"பூசும் தம்பி. அவர் எப்பிடிப் போனவர் எண்டு எனக்குத் தெரியவேணும்."

வேறொரு பழைய கயிற்றுத் துண்டைக் கட்டி, கால் நிலத்திலிருந்து ஒரு சாண் மட்டும் உயரும்படி வைத்து, எண்ணெய் பூசினேன். அவர் பாரத்தை விட்டார். கயிறு ஒரு சத்தமும் போடாமல் விட்டது. பாதம் நிலத்தில் தட்டி நின்றது. அக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மூச்சை மட்டும் இழுத்து விட்டார்.

"சத்தமே இல்லை" என்றார்.

"ஓம்."

"சரி. மற்றக் கயிறைக் கட்டும்."

நல்ல கயிற்றை இந்த முறை இன்னும் உயரத்தில் கட்டச் சொன்னார். சில படி ஏறி நின்று, பிடிமுடிச்சை மேலே தள்ளி, கையுறை இல்லாத கையால் கயிறு முழுவதையும் தடவிப் பார்த்தார். பிறகு படியிலிருந்து காலை எடுத்தார். கால் இரண்டும் காற்றில் இருக்க, மெல்லச் சுழன்றார். எதிர்வீட்டுப் பல்கனியில் போர்த்துக்கேயக் கிழவர் ஒருவர் கோப்பியோடு வந்து நின்று பார்த்தார். சந்தில் சைக்கிள் ஓடிய பிள்ளைகளும் நின்றார்கள்.

அண்ணை மேல்படியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். "இஞ்சேரும், ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும். நீங்கள் இதைக் கேளுங்கோ. இனி கையுறையைக் கழட்டிப்போட்டுக் கயிறு முழுக்கத் தடவிப் பார்த்திட்டுத்தான் ஏறவேணும். எவ்வளவு குளிரெண்டாலும்."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப… போகலாமோ?"

"புதுக்கயிறு வாங்கின பேந்து." சுழற்சியில் அவருடைய முகம் மறுபக்கம் போய்த் திரும்பி வந்தது. "பூசைக்கு வாற வருசமும் வைப்பன். அதையும் சொல்லிப்போட்டன். விளக்கை மற்றக் கரையிலை வைப்பன்."

அண்ணை கோப்பையை எடுத்து, குடிக்காமல் கையில் வைத்திருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா வேறெதையாவதா என்று கீழிருந்து எனக்குத் தெரியவில்லை.

குளிர் காற்று எழும்பியது. பிள்ளைகள் போய்விட்டார்கள். பட்டி தொடையை வெட்டத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இறக்கட்டோ அக்கா?"

"பொறும் தம்பி" என்றார். கையை விட்டுவிட்டு, காலால் படியை மெல்லத் தள்ளினார். "இப்பத்தான் பழகுது."